இலக்குத் தாங்கி செய்த கதை



நீண்ட நாள்களாக இப்பக்கம் எழுதப்படாமல் கிடந்தது. தேர்வுத்தாள் திருத்தும் பணி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒரு மரச்சட்டமும் மூன்று இரும்புத் தகடுகளும். சிரிக்காதீர்கள். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இரும்புக் கடையில் என்ன வேலை என்று என் கணவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்.

எங்கள் பள்ளியில் மரபு விளையாட்டு நாள் நடத்துவதென்று முடிவாயிற்று. பல்லாங்குழி, கில்லி, நொண்டி, கோலி என ஆசிரியர்கள் ஆளுக்கொன்றைப் பிரித்துக்கொண்டார்கள். கடைசியில் எஞ்சியது உண்டிவில். நம் நாட்டில் ‘லாஸ்டிக்’ என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். “நீங்கதானே டீச்சர் தோட்டத்துல வளர்ந்தவங்க” என்று தலைமையாசிரியர் என் பெயருக்கு நேரே அதை எழுதிவிட்டார். நான் உடனே தலையாட்டவில்லை. தயங்கியதற்கான காரணத்தைக் கூட்டத்தில் சொல்லவுமில்லை. இங்குச் சொல்லத்தான் போகிறேன், சற்றுப் பொறுங்கள்.

எதைக் குறிவைக்கச் செய்வது என்பதே முதற்கேள்வி. தாளில் வட்டம் வரைந்து ஒட்டினால் இரண்டு அடியில் கிழிந்துபோகும். பட்டதா இல்லையா என்று பார்க்கப் பிள்ளைகள் அருகில் ஓடுவார்கள். பால்டின்களை அடுக்கி வைத்தால் இன்னும் மோசம். விழுந்ததை எடுத்து நிறுத்த ஒருவன் ஓடுவான். அவன் திரும்பி வருமுன் இன்னொருவன் ரப்பரை இழுத்துவிடுவான். உண்டிவில் விளையாட்டில் நேரும் ஆபத்துகளுள் பாதி, இலக்குக்கும் எய்பவனுக்கும் இடையிலுள்ள அந்த வெற்றிடத்தில் யாராவது நடமாடுவதால் வருவது. தொங்கவிட்ட இரும்புத் தகட்டில் இந்தத் தொல்லை இல்லை. பட்டால் ‘ணங்’ என்று ஒலிக்கும், படாவிட்டால் ஒலிக்காது. எவரும் கோட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. தகடு ஆடி அடங்கித் தானே பழைய இடத்துக்கு வந்து நிற்கும்.

துப்பாக்கி சுடும் மன்றங்களிலும் இதே காரணத்துக்காகத்தான் இரும்பு இலக்குகளைத் தொங்கவிடுகிறார்கள். ஆனால் அங்கே தொங்குவது நாம் கடையில் வாங்கும் சாதாரண இரும்பன்று. ‘ஏ.ஆர். 500’ எனப்படும் பதப்படுத்திய எஃகு அது. பிரினெல் அளவையில் அதன் கடினம் ஏறத்தாழ 500. சாதாரண மெல்லிரும்பு அதில் நான்கில் ஒரு பங்குதான் தேறும். மெல்லிரும்பில் துப்பாக்கிக் குண்டு பட்டால் குழி விழும். அடுத்த குண்டு அக்குழியில் பட்டுச் சிதறி, சிதறல் சுட்டவனையே நோக்கித் திரும்பும். நம் நாட்டில் இந்த ஆராய்ச்சியெல்லாம் நமக்கு வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியைக்கூட உரிமம் வேண்டும் பொருளாகத்தான் வைத்திருக்கிறது. 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நூர் சூர்யானி எட்டு மாதக் கருவைச் சுமந்தபடி காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து வியந்ததோடு என் துப்பாக்கி அறிவு முடிந்தது. ஆயினும் குழி விழுந்த தகடு திரும்ப அடிக்கும் என்னும் அந்த ஒரு செய்தியை நான் முன்னமே கருத்தில் கொண்டிருக்க வேண்டும். கொள்ளவில்லை.

முதல் தாங்கியை நானே வரைந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பயிற்றுத் துணைப்பொருள் செய்யக் கற்றவள் நான். மணிலா அட்டை, பாலிஸ்டைரின், வண்ணத்தாள், பசை… இவற்றால் எதை வேண்டுமானாலும் செய்து தருவேன். அடி வாங்குவதற்கென்றே ஒரு பொருளைச் செய்ய எவரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. கால்பந்து கோல் கம்பம் போன்று ஒரு சட்டம் வரைந்தேன். மெல்லிய சதுர இரும்புக் குழாயை வாங்கி, வீட்டுக்கு அருகிலிருந்த பட்டறையில் மூலைகளைப் பற்றவைத்து வாங்கினேன். 2 மில்லிமீட்டர்த் தகட்டை வட்டமாக வெட்டச் சொல்லி, ‘எஸ்’ வடிவக் கொக்கியில் மாட்டினேன். தகடு ஓயாமல் ஆடியது. வகுப்பில் எதுவும் ஆடாமல் இருக்க வேண்டும் என்று எண்ணியே பழகிவிட்ட மனம் அல்லவா! தகட்டின் கீழ்ப்பகுதியையும் கம்பியால் இழுத்துக் கட்டினேன். இப்போது அது சுவர்போல் அசையாமல் நிமிர்ந்து நின்றது. எனக்கு அப்படியொரு பெருமிதம்.

ஒரு சனிக்கிழமைக் காலை, பள்ளிக்குக் கொண்டுபோகுமுன் சோதித்துவிடலாம் என்று வீட்டருகே உள்ள வெற்றுத் திடலுக்குத் தூக்கிச் சென்றேன். நான்காம் ஆண்டு படிக்கும் என் மகனும் உடன்வந்தான். கடையில் உண்டிவில்லோடு சேர்த்து விற்ற 8 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள் கையில் இருந்தன. எட்டு மீட்டர் தொலைவில் நின்றேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தொடாத பொருள். ஆனாலும் கை மறக்கவில்லை. முதல் அடி பட்டது, இரண்டாம் அடியும் பட்டது. மூன்றாம் அடியில் தகட்டின் நடுவில் ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. நான்காவது, ஐந்தாவது… ஆறாம் அடியில் ‘ணங்’ என்ற ஒலியோடு என் காதருகே ஏதோ சீறிக்கொண்டு போயிற்று. பின்னால் நின்ற மகன் “அம்மா!” என்று அலறினான்.

திரும்பிப் பார்த்தேன். வலக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். அந்தக் கையை விலக்கிப் பார்க்க எனக்குத் துணிவு வர எத்தனை நொடி ஆயிற்றோ தெரியாது. கன்ன எலும்பின்மேல், கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே, நாவற்பழம்போல் கன்றியிருந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு விரல்கடை என்றுதான் அவரும் சொன்னார்.

நாங்கள் குடியிருப்பது பிரிக்பீல்ட்சில். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குத்தான் இருக்கிறது. வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு நடைபாதையில் செல்வோரை இவ்வட்டாரத்தில் நாள்தோறும் காணலாம். எத்தனையோ ஆண்டுகளாக அவர்களுக்கு வழிவிட்டு நடந்தவள்தான் நான். அன்று மருந்தகத்திலிருந்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும்போது, அந்தக் கோல் தட்டும் ஓசையைக் கேட்க முடியாமல் சாலையின் மறுபக்கத்துக்குக் கடந்துவிட்டேன். அன்றிரவே உண்டிவில் விளையாட்டை விட்டுவிடுவதாகத் தலைமையாசிரியருக்கு எழுதினேன், அனுப்பவில்லை. மாறாக, மறுநாள் காலை அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அண்ணன் என்றால் என் பெரியம்மாவின் மகன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தோம். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அங்கே தாமான் வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உண்டிவில் தனியாகக் கற்பிக்க வேண்டாத கலை. கொய்யாமரக் கவட்டை, சைக்கிள் டியூப், பழைய காலணியின் தோல். குண்டுக்கு மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் ரப்பர்க்கொட்டை. 1839இல் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டுப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. இவ்விரண்டும் நிகழாதிருந்தால் நம் பாட்டன்மார் பால்மரம் சீவ இங்கு வந்திருக்கவும் மாட்டார்கள். நம் கையில் லாஸ்டிக்கும் இருந்திருக்காது. (தினைப்புனம் காத்த குறமகளிர் கையிலிருந்த கவண் வேறு, அது கயிற்றில் கல் வைத்துச் சுழற்றி எறிவது. இழுவை ரப்பர் பிறகு வந்தது.)

1988ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. லயத்துக்குப் பின்னால் இருந்த இரும்புத் தண்ணீர்த் தொட்டியை நாங்கள் நான்கு பேர் குறிவைத்துக்கொண்டிருந்தோம். அடித்தால் நன்றாக ஒலிக்கும் என்பதற்காகத்தான் அந்தத் தொட்டி. அண்ணன் எங்களுக்கு முன்னால், பக்கவாட்டில் நின்றிருந்தார். ஏதோ ஒரு குண்டு தொட்டியில் பட்டுத் தெறித்து அவர் இடக்கண்ணில் பாய்ந்தது. பெரியவர்கள் ஓடிவந்து கேட்டபோது, ஓடும்போது குச்சி குத்திவிட்டது என்று அண்ணன் சொன்னார். நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவேயில்லை. லாரி ஓட்டுநராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒற்றைக் கண்ணோடு உரிமம் கிடைக்காது என்று அதை விட்டுவிட்டு, லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பற்றவைக்கும் வேலைக்குப் போனார். இன்றும் கிள்ளான் துறைமுகம் போகும் வழியில் அதே தொழில்தான்.

பழுதாகிப்போன தாங்கியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தகட்டையும் கொக்கியையும் மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினேன். பையை இருக்கையில் வைத்தபோது எழுந்த ஓசைக்கு எதிரில் இருந்த அம்மையார் திடுக்கிட்டார். “தோசைக்கல்” என்றேன். ஆசிரியர் பொய் சொல்லலாகாதுதான். ‘இலக்கு’ என்று சொல்லியிருந்தால் அடுத்த நிலையத்தில் என்னை இறக்கிவிட்டிருப்பார்கள்.

அண்ணன் தகட்டைக் கையில் வாங்கினார். பள்ளத்தை விரலால் தடவினார். கொக்கியைப் பார்த்தார், ஆறே அடியில் அதன் வாய் பாதி திறந்திருந்தது. நான் வரைந்த படத்தையும் நீட்டினேன்.

“கீழயும் ஏன் பாப்பா கட்டுன?”

“ஆடிக்கிட்டே இருந்துச்சுண்ணே.”

“ஆடட்டுமே. அடிய அதுதான வாங்குது. ஆட விடலன்னா அவ்ளோத்தையும் உங்கிட்டயே திருப்பிக் குடுக்கும்.”

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. சுவரில் எறிந்த பந்து எறிந்தவனிடமே வரும் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அசையாத தகடு குண்டைத் திருப்பி அனுப்புகிறது. ஆடும் தகடு குண்டின் வேகத்தில் ஒரு பகுதியைத் தான் ஆடுவதற்கு எடுத்துக்கொள்கிறது. அது மட்டும் போதாது என்றார் அண்ணன். தகட்டின் முகம் தரையைப் பார்க்க வேண்டும். அறிவியல் பாடத்தில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் பிரதிபலிக்கும் என்று படம் போட்டுக் காட்டுகிறோமே, அதே கணக்கு. தகடு 20 பாகை முன்னோக்கிக் கவிழ்ந்திருந்தால், நேராக வரும் குண்டு அதற்கு இரு மடங்கு, அதாவது 40 பாகை, கீழ்நோக்கித் திரும்பும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தகடு தொங்கினால், தெறித்த குண்டு ஏறக்குறைய 1.2 மீட்டருக்குள் மண்ணைத் தொட்டுவிடும். குண்டு ஒளியைப் போன்றதன்று. மோதும்போது வேகத்தை இழக்கும். ஆகையால் இன்னும் அருகிலேயே விழும். எட்டு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பிள்ளையிடம் அது வராது. பள்ளம் விழாத, தட்டையான தகடாக இருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். பள்ளம் விழுந்துவிட்டால் குண்டு எத்திசையில் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் 2 மில்லிமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, 5 மில்லிமீட்டர்த் தகட்டில் 20 சென்டிமீட்டர் வட்டங்களாக மூன்று வெட்டினார். ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோ எடை.

கவிழ்ந்தபடி ஒரு தகட்டை எப்படித் தொங்கவிடுவது? இதில்தான் நான் அண்ணனை வியந்து நின்றேன். தகட்டின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டு, அருகருகே இரண்டு துளைகள். முன்பக்கமிருந்து தலை உருண்ட போல்ட்டுகள். கூர்மையான விளிம்புள்ள தலையாக இருந்தால் குண்டு அதில் பட்டுத் தாறுமாறாகத் திரும்பும். தகட்டுக்குப் பின்னால் அதே போல்ட்டில் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்த் துண்டு ஒன்று. அதற்கும் பின்னால்தான் தொங்கவிடும் வார். அதாவது, தகடு தன் தளத்தில் தொங்காமல், தனக்கு மூன்று சென்டிமீட்டர் பின்னாலிருந்து தொங்குகிறது. எந்தப் பொருளும் தன் எடையின் நடுப்புள்ளி தொங்கும் இடத்துக்கு நேர் கீழே வரும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும் அல்லவா? தகட்டின் அடிப்பகுதி தானாகவே பின்னால் போகிறது. முகம் தானாகவே தரையை நோக்குகிறது. துளையிலிருந்து நடுப்புள்ளிக்கு 8 சென்டிமீட்டர், பின்னிடைவு 3 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 பாகையைச் சற்றுத் தாண்டும். அண்ணன் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். நான் கணிப்பொறியில் தட்டிப் பார்த்து வியந்தபோது, “லாரி கதவு ஏன் தானா சாத்திக்குதுன்னு பாத்தாலே தெரியும்” என்றார்.

வாருக்குச் சங்கிலி வேண்டாம் என்றார். சங்கிலியில் குண்டு பட்டால் அது வேறு திசையில் தெறிக்கும், முறுக்கிக்கொள்ளவும் செய்யும். துறைமுகத்து லாரிகளில் சரக்கை இறுக்கிக் கட்டும் நாடாக்கள் கிழிந்து பட்டறையில் மூட்டையாகக் கிடந்தன. அவற்றில் நல்ல பகுதிகளைத் துண்டாக்கினோம். துளையை ஆணி அடித்துப் போடலாகாது, இழை பிரிந்துவிடும். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்டால் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கிழியவே கிழியாது. நாடாவின்மேல் குண்டு பட்டாலும் அது மடங்கிக் கொடுக்கும். நட்டு கழன்றுவிடாதிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. ஆடிக்கொண்டே இருக்கும் பொருளில் சாதாரண நட்டு ஒரு மணி நேரம்கூடத் தாங்காதாம்.

அந்த ஆணியைக் குறட்டால் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தது நான்தான். அண்ணன் குழாய்த் துண்டின் பிசிறை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் வேறு எவருமில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தொண்டையில் இருந்தது அப்போது வெளியே வந்தது.

“அண்ணே… அன்னைக்குத் தொட்டியில அடிச்சது நான்தான்.”

அரம் நிற்கவில்லை.

“தெரியும் பாப்பா. நீ மட்டும்தான கோலி வச்சிருந்த. நீலக் கோலி. மத்தவனுங்ககிட்ட ரப்பர்க்கொட்டைதான இருந்துச்சு.”

நான் என்ன சொல்வது? அப்படியே நின்றுகொண்டிருந்தேன். “ஆணி ஆறிடும், சீக்கிரம் குத்து” என்றார். குத்தினேன். புகை கண்ணில் பட்டது என்று நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள்.

தாங்கியின் சட்டத்துக்கு வருகிறேன். நான் வரைந்த கோல் கம்பத்தை அண்ணன் அடியோடு ஒதுக்கிவிட்டார். பற்றவைத்தே பிழைப்பவர், பற்றவைக்காதே என்று சொன்னதுதான் எனக்கு வேடிக்கை. பற்றவைத்த சட்டத்தில் ஒரு மூலை விரிசல் கண்டால் முழுவதையும் பட்டறைக்குத் தூக்க வேண்டும். போல்ட்டில் கோத்த மரச்சட்டத்தில் பழுதான துண்டை மட்டும் மாற்றலாம். அடிபடும் இடத்தில் இருக்கும் எதுவும் என்றாவது ஒருநாள் உடையும். அது விலை மலிந்ததாகவும் ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடியதாகவும் இருக்கட்டும் என்பது அவர் கட்சி.

இரண்டுக்கு இரண்டு அங்குல மெராந்திச் சட்டங்கள் நான்கு, ஒவ்வொன்றும் ஐந்தடி. இரண்டிரண்டாகச் சேர்த்து, உச்சியிலிருந்து அரையடி கீழே ஒரே போல்ட்டில் கோத்துக் கத்திரிக்கோல்போல் விரித்தோம். போல்ட்டுக்கு மேலே இரு முனைகளும் விரிந்து ஒரு கவட்டை உண்டாகிறது, உண்டிவில்லின் கவட்டையேதான். இரு பக்கமும் உள்ள அந்தக் கவட்டைகளில் ஏழடி நீளமுள்ள குறுக்குச் சட்டம் படுத்துக்கொள்கிறது. அதில் ஆணியோ பசையோ கிடையாது. கயிற்றுக் கட்டு மட்டும். கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருப்பதால் தகடு ஆடும் திசையில் தாங்கி சாயாது. பக்கவாட்டில் சாயாதிருக்கப் பின்கால்களைக் கோத்து ஒரு சாய்சட்டம். கால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மண்ணில் அடித்த ஒரு கம்பி முளை. தகடுகளுக்கும் கால்களுக்கும் இடையே ஒன்றரை அடி விலகல். கைதவறிய குண்டுகள் காலில் படுவது குறையும். குறுக்குச் சட்டத்தின் முன்பக்கத்தில் மட்டும் பழைய டயர் ரப்பரை ஆணியடித்தோம். முன்னாளில் தோட்டத்தில் வேலிக்கம்பத்தின் அடியில் கறையான் வராதிருக்க எஞ்சின் கழிவெண்ணெய் பூசுவார்கள். பிள்ளைகள் கைபடும் பொருளாதலால் அதை நான் மறுத்துவிட்டு, அடியில் சாயம் பூசி டயர்ச் செருப்பு மாட்டினேன்.

பின்னால் ஒரு திரை மிக முக்கியம். லாரியின் பழைய தார்ப்பாயைக் குறுக்குச் சட்டத்தைவிட இரண்டடி உயரமாக, தனியே இரு கம்பங்களில் தொங்கவிட்டோம். இறுகக் கட்டினால் முரசுபோல் குண்டைத் திருப்பி அனுப்பும். தொளதொளவென்று தொங்கினால் குண்டு அதில் மோதிச் செத்து விழும். அடியோரத்தைச் சுருட்டித் தொட்டில்போல் கட்டியதால், தவறிய குண்டுகளெல்லாம் அதிலேயே சேர்ந்தன.

அடுத்த வாரம் அதே திடலில் சோதனை. இம்முறை மகன் வீட்டில். அண்ணனும் நானும் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தகட்டுக்கு முன்னால் மூன்று மீட்டர் வரை மணலைப் பரப்பி, எஃகுக் குண்டு ஐம்பது அடித்தோம். தெறித்தவை எல்லாம் மணலில் வடு விட்டிருந்தன. தகட்டிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு இப்பால் ஒரு வடுவும் இல்லை. தகடு பள்ளம் விழவில்லை. விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அடுத்த பக்கம் திருப்பிப் போடு, அதுவும் விழுந்தால் இரும்புக் கடைக்குப் போடு என்றார். பிறகு, “நான் ஒண்ணு அடிக்கட்டா?” என்று உண்டிவில்லை வாங்கினார். 1988க்குப் பிறகு அவர் அதைத் தொட்டதை நான் பார்த்ததில்லை. முதல் அடியே நடுத்தகட்டில் விழுந்தது. “எல்லாரும் ஒரு கண்ண மூடணும். எனக்கு அந்த வேல மிச்சம்” என்று சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன்.

இத்தனைக்குப் பிறகும் பள்ளியில் எஃகுக் குண்டை நான் அனுமதிக்கவில்லை. ஏறத்தாழ நொடிக்கு ஐம்பது மீட்டர் வேகத்தில் போகக்கூடிய பொருளைப் பத்து வயதுக் கையில் கொடுக்க எந்தத் தாங்கியும் போதாது. உண்டிவில் என்னும் சொல்லிலேயே விடை இருந்தது: உண்டை. களிமண்ணை உருட்டி நிழலில் உலர்த்திய உருண்டை. இரும்பில் பட்டதும் தூளாகிவிடும். திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது. தகட்டின் ஒலி சற்று மட்டு, அவ்வளவே. பிரிக்பீல்ட்சு என்னும் பெயரே செங்கற்சூளைகளால் வந்தது. 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் கோலாலம்பூர் அழிந்த பிறகு, நகரை மீண்டும் கட்ட இவ்வட்டாரத்துக் களிமண்தான் செங்கல்லாயிற்று. இப்போது இங்கே தோண்ட மண் ஏது? கோல சிலாங்கூர் பக்கம் மண்பாண்டம் செய்யும் தமிழ்க் குடும்பம் ஒன்றிடம் ஒரு மூட்டை வாங்கிவந்தோம். நான்காம் ஆண்டு மாணவர்கள் உருட்டித் தள்ளிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் வகுப்பில் சத்தமே இல்லை. கலைக்கல்வி ஆசிரியர் பொறாமைப்பட்டார்.

பெற்றோர் சிலர் கண்ணாடி பற்றி வினவினர். நல்ல வினா. கடைகளில் மலிவாய்த் தொங்கும் வெயிற்கண்ணாடி இதற்கு உதவாது. ‘இ.என். 166’ என்னும் ஐரோப்பியத் தரக்குறியோடு ‘எஃப்’ என்னும் எழுத்து இருந்தால், 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினும் தாங்கும் எனச் சோதிக்கப்பட்டது என்று பொருள். ‘பி’ என்று இருந்தால் 120 மீட்டர். நாங்கள் ‘பி’ குறியுள்ளதையே வாங்கினோம். எய்பவருக்கு மட்டுமன்று; வரிசையில் நிற்பவருக்கும், மதிப்பெண் எழுதும் ஆசிரியருக்கும், எட்டிப் பார்க்க வரும் பாட்டிக்கும் அது உண்டு. கண்ணாடி போதாமற்போனதால் வரிசையைப் பாதியாகக் குறைத்தேனே தவிர, ஒருவரையும் வெறுங்கண்ணோடு நிற்க விடவில்லை. சில பெற்றோருக்கு அதில் சற்று மனத்தாங்கல். பரவாயில்லை.

விளையாட்டு நாள் நடந்தது. மற்ற மூலைகளைப் பற்றி மற்ற ஆசிரியர்கள் எழுதுவார்கள். எங்கள் மூலையில் காலை எட்டு முதல் நண்பகல் வரை ‘ணங், ணங்’ ஓயவில்லை. ஒரு நாடாவும் அறுபடவில்லை, ஒரு நட்டும் கழலவில்லை. குறுக்குச் சட்டத்தின் டயர் ரப்பரில் மட்டும் களிமண் அம்மை போட்டதுபோல் ஒட்டியிருந்தது. என் மகனுக்குக் கன்னத்துக் கன்றல் மறைந்துவிட்டது. அவனும் வரிசையில் நின்று மூன்றில் இரண்டு அடித்தான். எய்யுமுன் கண்ணாடியை இருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டான். நான் சொல்லவில்லை, அவனாகவே.

அண்ணனை அழைத்திருந்தேன். பட்டறையில் அவசர வேலை என்று வரவில்லை. மறுநாள் தொலைபேசியில், “தாங்கி சாஞ்சுச்சா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மழைக்காலம் வருகிறது, தகடுகளைக் கழற்றி எண்ணெய் தடவித் தாளில் சுற்றி வை என்றார். சுற்றி வைத்திருக்கிறேன். சட்டங்கள் கத்திரிக்கோல்போல் மடங்கி விளையாட்டு அறையின் மூலையில் நிற்கின்றன. பிற பள்ளி ஆசிரியர்கள் எவருக்கேனும் அளவுகள் வேண்டுமானால் எழுதுங்கள்; படமாக வரைந்து அனுப்புகிறேன். இம்முறை சரியாக வரைவேன்.